காலரைத் திருப்பித் தைத்த கம்பெனி

எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில் கார்ட்டூன் நெட்வொர்க்கும், பழைய ஹாலிவுட் படம் போடும் டிஎன்டியும் ஒரே சேனல். பகலெல்லாம் பூனையும் எலியும் முயலும் ஓடிக்கொண்டிருக்கும். இரவானால் திடீரென்று எல்லாம் கறுப்பு வெள்ளையாகி, தொப்பி போட்ட ஆட்கள் சிகரெட்டும் கையுமாக வந்து நிற்பார்கள். என் வயதுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. ரசனை கிசனை எல்லாம் கிடையாது, அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து தட்டின் முன் உட்காரும் நேரம் அது, ரிமோட் அவர் கைக்குப் போய்விடும், அவருக்கு அந்தத் தொப்பி ஆட்களைப் பிடித்திருந்தது.

அப்பா தையற்காரர். ஆங்கிலம் அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது பாடப்புத்தக அளவுதான். அவர் கதை பார்க்கவில்லை, கோட்டு பார்த்தார். தோள் எப்படி நிற்கிறது, மடிப்பு எங்கே விழுகிறது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஏதோ கேங்ஸ்டர் படம். ஒரு தெருவிளக்கு, பாதிச் செங்கல் சுவர், ஈரமான ரோடு, மற்றதெல்லாம் கும்மிருட்டு. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "செட்டு போடக் காசில்ல போல. அதான் லைட்ட அணைச்சிட்டான்."

பல வருடம் கழித்து, அந்த மாதிரிப் படங்களை எடுத்த ஹாலிவுட் கம்பெனியான வார்னர் பிரதர்ஸைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, அப்பா ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் சொன்னதையே சினிமா வரலாறு எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். போட்டிக் கம்பெனியான எம்ஜிஎம் எடுத்த படத்தில் எல்லாம் பளபளக்கும், வெள்ளை சோபா, வெள்ளைப் படிக்கட்டு, மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம். வார்னர் படத்தில் இருட்டு. பட்ஜெட் சிறியது, செட்டு பாதிதான் இருக்கும், மீதியை இருட்டு மூடிக்கொள்ளும். கதை நிற்காமல் ஓடும், எழுபது எண்பது நிமிடத்தில் ஆள் பணக்காரனாகி, ராஜாவாகி, செத்தும் போய்விடுவான். அந்தக் கம்பெனியின் கஞ்சத்தனம்தான் எனக்கு அதைப் பிடித்துப்போகக் காரணம் என்றால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஹாரி, ஆல்பர்ட், சாம், ஜாக் என்று நான்கு சகோதரர்கள். போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம், அப்பா செருப்புத் தைப்பவர். 1903 வாக்கில் ஒரு புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவில் நியூ காசில் என்ற ஊரில் சின்னதாக ஒரு கொட்டகை போட்டபோது நாற்காலி வாங்கப் பணமில்லாமல் பக்கத்தில் இறுதிச் சடங்கு நடத்துபவரிடம் இரவல் வாங்கினார்களாம், ஊரில் சாவு விழுந்தால் நாற்காலிகள் திரும்பப் போய்விடுமாம். இது எல்லா வார்னர் வரலாற்றிலும் வரும் கதை. இந்த நாற்காலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1923 ஏப்ரலில் கம்பெனி முறைப்படி பதிவானது. அவர்களுடைய முதல் பெரிய ஸ்டார் ஒரு நாய். முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து ஒரு அமெரிக்கச் சிப்பாய் தூக்கிவந்த ரின் டின் டின். கடன் கழுத்தை நெரிக்கும்போதெல்லாம் அந்த நாயை வைத்து ஒரு படம் எடுத்துத் தப்பித்தார்கள். நாய் சம்பளத்துக்குச் சண்டை போடாது என்பதை ஜாக் வார்னர் பிற்காலத்தில் ஏக்கத்தோடு நினைத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பேசும்படம் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பது எனக்கு இன்னும் சலிக்காத விஷயம். வைட்டாஃபோன் என்று பெயர். ஒலி ஃபிலிமில் இல்லை, தனியாக 16 அங்குல இசைத்தட்டில். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, ஏறக்குறைய 11 நிமிடம். முள் வெளியிலிருந்து உள்ளே போகாமல் உள்ளிருந்து வெளியே நகரும். புரொஜெக்டர் ஓட்டுபவர் ஃபிலிமில் குறித்த ஃப்ரேமையும் தட்டில் குறித்த புள்ளியையும் சரியாகப் பொருத்தி ஒன்றாகக் கிளப்ப வேண்டும். நடுவில் ஃபிலிம் அறுந்தால் ஒட்டவைத்தால் மட்டும் போதாது, எத்தனை ஃப்ரேம் போனதோ அத்தனை வெற்று ஃப்ரேமை எண்ணிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கதாநாயகி வாய் மூடிய பிறகு அவள் குரல் வரும். தேய்ந்த தட்டைத் திரும்பத் திரும்பப் போடாமல் இருக்க, எத்தனை முறை ஓடியது என்று குறித்துக்கொள்ள லேபிளிலேயே கட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் கடையில் அளவு நோட்டில் அப்பா போடும் டிக் போல.

இதற்காகக் கம்பெனிக்குள் சண்டை போட்டுப் போராடியவர் சாம். 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. அதற்கு முந்தைய நாள் சாம் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோனார். வயது 40. மற்ற மூன்று பேரும் சாவுக்கு ஓடியதால், வார்னர் வரலாற்றின் மிகப் பெரிய இரவில் அரங்கத்தில் ஒரு வார்னரும் இல்லை. அந்தப் படம் முழுக்கப் பேசாது, பெரும்பாலும் ஊமைப்படம்தான், பாட்டும் கொஞ்சம் பேச்சும்தான் நடுவில் வரும். இன்று உட்கார்ந்து பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, வெள்ளைக்கார நாயகன் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு பாடும் இடங்கள் இன்னும் மோசம். ஆனால் மற்ற கம்பெனிகளும் மைக்கைத் தேடி ஓடியது அதற்குப் பிறகுதான்.

எனக்குப் பிடித்த வார்னர் 1931-இல் தொடங்குகிறது. நாடு முழுக்க வேலையில்லை, ஜனங்கள் சூப்புக்கு வரிசையில் நிற்கிறார்கள். டாரில் ஜானக் அப்போது தயாரிப்புத் தலைவர், அதற்கு முன் நாய்ப் படங்களுக்குக் கதை எழுதியவர். காலையில் பேப்பரில் வந்த செய்தி சில மாதத்தில் தியேட்டரில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 'தி பப்ளிக் எனிமி'யில் ஜேம்ஸ் காக்னி காலைச் சாப்பாட்டு மேசையில் திராட்சைப் பழத்தை, அதாவது நம் திராட்சை அல்ல, பெரிய எலுமிச்சை மாதிரி இருக்கும் கிரேப்ஃப்ரூட்டை, எதிரில் இருக்கும் பெண்ணின் முகத்தில் வைத்துத் தேய்ப்பார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதே படத்தில் வேறு ஒரு காட்சி. கொட்டுகிற மழை. காக்னி எதிரிகள் இருக்கும் கட்டிடத்துக்குள் நுழைகிறார். கேமரா கூடப் போகவில்லை. நாமும் மழையிலேயே நிற்கிறோம். உள்ளே துப்பாக்கிச் சத்தம், அலறல். கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் விழுகிறார். அவ்வளவுதான் சண்டைக்காட்சி. உள்ளே ஒரு அறை கட்டவில்லை, ஒரு மேசை உடையவில்லை. இன்று இருநூறு பேரை வைத்து இருபது நிமிடம் எடுப்பதைவிட அது அடிவயிற்றில் இறங்குகிறது.

1932-இல் வந்த 'ஐ ஆம் எ ஃப்யுஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்'. ஜார்ஜியா மாநிலத்தில் கைதிகளைக் காலில் சங்கிலி கட்டி வேலை வாங்கியதைப் பற்றிய படம், அங்கிருந்து தப்பி ஓடிய ராபர்ட் பர்ன்ஸ் என்பவரின் புத்தகத்திலிருந்து எடுத்தது. படம் வந்தபோது அவர் இன்னும் தலைமறைவுதான். கடைசிக் காட்சியில் பால் முனி காதலியிடம் விடைபெற்று இருட்டுக்குள் பின்னால் பின்னால் நகர்கிறார். எப்படிப் பிழைக்கிறாய் என்று அவள் கேட்கிறாள். முகம் மறைந்துவிட்டது, இருட்டிலிருந்து குரல் மட்டும் வருகிறது: திருடுகிறேன். படம் முடிந்தது. படப்பிடிப்பில் விளக்கு தற்செயலாக அணைந்ததால் கிடைத்த யோசனை அது என்று இயக்குநர் மெர்வின் லீராய் பிற்காலத்தில் சொன்னார், இல்லை எழுத்திலேயே இருந்தது என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு லீராய் சொல்வதை நம்பத்தான் ஆசை. லைட்ட அணைச்சிட்டான்.

சட்டைக் காலர் தேய்ந்து நைந்துபோனால் அதைப் பிரித்தெடுத்து, உள்பக்கத்தை வெளியே வைத்து மறுபடி தைப்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை, எங்கள் சின்ன வயதில் மாதத்துக்குப் பத்துச் சட்டையாவது இதற்கு வரும். வார்னர் இதைக் கதைகளில் செய்தது. காசு கொடுத்து வாங்கிய கதையை ஒரு தடவையோடு விட மனசு வராது. டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலை 1931-இல் எடுத்தார்கள். 1936-இல் பெயரை மாற்றி, கதையில் எல்லோரும் தேடும் பருந்துச் சிலைக்குப் பதில் வேறு ஒரு பொருளை வைத்து, நகைச்சுவையாகத் திருப்பினார்கள், மோசமாக வந்தது. 1941-இல் மூன்றாவது தடவையாக, அதுவரை படமே இயக்காத ஜான் ஹூஸ்டன் என்ற வசனகர்த்தாவிடம் கொடுத்தார்கள். நாயகனாக நடிக்க ஜார்ஜ் ராஃப்ட் மறுத்துவிட்டதால் ஹம்ஃப்ரி போகார்ட் உள்ளே வந்தார். தடித்த வில்லனாக வந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு 61 வயதில் அதுதான் முதல் படம். மூன்றாவது முறை திருப்பிய காலர்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த சட்டை. அதே வருடம் ரவுல் வால்ஷ் எடுத்த 'ஹை சியரா'வை எட்டு வருடம் கழித்து அவரையே கூப்பிட்டு, காருக்குப் பதில் குதிரை வைத்து கவ்பாய் படமாக எடுக்க வைத்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே கதையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று தெரியும்.

ஆனால் கஞ்சத்தனத்தின் இன்னொரு முகமும் அங்கேயே இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நடிகர்களோடு ஏழு வருட ஒப்பந்தம். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிற்கும், அந்த நாட்களும் ஒப்பந்தத்தின் வாலில் சேரும், ஆக ஏழு வருடம் ஏழு வருடத்தில் முடியாது. காக்னி ஒப்பந்தத்தில் சொன்னதைவிட அதிகப் படம் வாங்குகிறார்கள் என்று 1936-இல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அதே வருடம் பெட்டி டேவிஸ் லண்டன் நீதிமன்றம் வரை போய்த் தோற்றுத் திரும்பினார். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி ஒலிவியா டி ஹாவிலாண்டிடமிருந்து வந்தது. எராள் ஃப்ளின்னுக்கு ஜோடியாகப் புன்னகைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணாகத்தான் கம்பெனி அவரைப் பார்த்தது. 1944-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஏழு வருடம் என்றால் காலண்டரில் ஏழு வருடம். இன்றும் அமெரிக்காவில் அந்தச் சட்டத்தை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அவர் 104 வயது வரை வாழ்ந்தார், வார்னர் சகோதரர்கள் எல்லோரும் போய்ப் பல பத்தாண்டு கழித்தும்.

போகார்ட் நடித்த 'காசாபிளாங்கா' படத்தைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, ஆகவே எனக்குப் பிடித்த இரண்டு விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று, படத்தில் அகதிகளாக வருகிறவர்களில் நிறையப் பேர் உண்மையிலேயே அகதிகள். நாஜி மேஜராக நடித்த கான்ராட் வைட்டே நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். மதுக்கடையில் ஜெர்மன் அதிகாரிகள் பாடும்போது மற்றவர்கள் எழுந்து பிரெஞ்சு தேசியகீதம் பாடி அவர்களை அமுக்குவார்களே, அங்கே ஒரு இளம்பெண் கண்ணீரோடு பாடுவார், மடலீன் லெபோ. பிரான்சிலிருந்து கணவரோடு ஓடிவந்தவர். அந்தக் கண்ணீருக்கு இயக்குநர் மைக்கேல் கர்டிஸ் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை. கர்டிஸும் ஹங்கேரிக்காரர், அவருடைய ஆங்கிலம் தனி ரகம். ஆளில்லாத குதிரைகளைக் கொண்டுவரச் சொல்ல வேண்டிய இடத்தில் காலிக் குதிரைகளைக் கொண்டுவாருங்கள் என்று கத்தியதை டேவிட் நிவன் தன் நினைவுக் குறிப்புக்குத் தலைப்பாகவே வைத்தார்.

இரண்டாவது, அந்த விமானம். கடைசிக் காட்சியில் பனிமூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறதே, அது நிஜ விமானம் இல்லை. ஸ்டுடியோவுக்குள் சின்ன அளவில் செய்து வைத்த போலி. அது பெரிதாகத் தெரிவதற்காகப் பக்கத்தில் மெக்கானிக்குகளாகக் குள்ளமான ஆட்களை நிறுத்தினார்கள். பனியைக் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். போர்க்காலம், புது செட்டுக்கான பொருளுக்கு அரசாங்கமே படத்துக்கு 5,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்த சமயம். சினிமாவிலேயே மிகப் பிரபலமான பிரிவுக்காட்சிக்குப் பின்னால் நிற்பது ஒட்டுவேலை. தெரிந்த பிறகும் கண் கலங்குகிறது, அதைத்தான் என்னால் விளக்க முடியவில்லை.

1944 மார்ச்சில் 'காசாபிளாங்கா'வுக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அறிவித்தபோது தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுந்தார். அதற்குள் ஜாக் வார்னர் மேடைக்கு ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். வாலிஸ் வரிசையிலிருந்து வெளியே வர முடியாமல் வார்னர் குடும்பத்தார் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த சில வாரங்களில் வாலிஸ் கம்பெனியை விட்டுப் போனார்.

கார்ட்டூனையும் சொல்லிவிடுகிறேன், பகலில் நான் பார்த்த முயல். அதை வரைந்தவர்களை ஸ்டுடியோவின் ஓரத்தில் ஒரு இடிந்த மரக்கட்டிடத்தில் வைத்திருந்தார்கள், அதற்கு அவர்களே கரையான் மாடி என்று பெயர் வைத்தார்கள். வார்னருக்குச் சொந்தமான பாட்டுகளை விளம்பரப்படுத்தத்தான் அந்தக் கார்ட்டூன்களே தொடங்கின. கார்ல் ஸ்டாலிங் அந்தப் பாட்டுகளை வெட்டி ஒட்டி இசை அமைத்தார். கட் பீஸ் வேலைதான், ஆனால் எப்பேர்ப்பட்ட கட் பீஸ். 1953-இல் சக் ஜோன்ஸ் எடுத்த 'டக் அமக்'கைப் பாருங்கள். டாஃபி வாத்து நடித்துக்கொண்டே வரும்போது பின்னணி தீர்ந்துபோகும், வெறும் வெள்ளைத் தாள். வாத்து வரைபவனிடம் கெஞ்சும், கத்தும், ஒரு பென்சிலின் ரப்பர் வந்து வாத்தையே அழித்துவிடும், குரல் மட்டும் திட்டிக்கொண்டிருக்கும். ஏழு நிமிடத்தில் நிறைய இடம் காலித் தாள்.

1956-இல்தான் எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் நடந்தது. 1950-க்கு முந்தைய தங்கள் படங்கள் எல்லாவற்றையும், மழையில் காக்னியையும் இருட்டில் பால் முனியையும் பனியில் போகார்ட்டையும், மொத்தமாக 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஒரு தொலைக்காட்சி விநியோகக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பழைய படத்தை இனி எவன் பார்ப்பான் என்ற கணக்கு. அதே வருடம் மூன்று சகோதரர்களும் சேர்ந்து பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்குவது என்று பேசி விற்றார்கள். ஜாக் மட்டும் பின்பக்கமாகத் திரும்பி வந்து, வாங்கியவர்களோடு சேர்ந்து தலைவராக உட்கார்ந்துகொண்டார். ஹாரி அதன் பிறகு தம்பியோடு பேசவே இல்லை. 1958-இல் ஹாரி இறந்தபோது ஜாக் சாவுக்கும் வரவில்லை.

விற்ற படங்கள் கை மாறிக்கொண்டே போயின. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அப்புறம் எம்ஜிஎம், 1986-இல் டெட் டர்னர். அந்த டர்னரின் சேனல்தான் எங்கள் வீட்டில் இரவில் ஓடியது. 1996-இல் டர்னரின் நிறுவனமே டைம் வார்னரோடு இணைந்தபோது, நாற்பது வருடம் ஊர் சுற்றிய பிள்ளைகள் வீடு திரும்பின. அப்பாவும் நானும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள்தான் அவை. யாருடைய சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று எங்களுக்கு என்ன தெரியும்.

நாற்காலியை ஞாபகம் இருக்கிறதா? ஜாக் வார்னர் ஒருவழியாக விற்றுவிட்டு இறங்கிய பிறகு, 1969-இல் கம்பெனியை வாங்கியது கின்னி நேஷனல். அவர்களுடைய தொழில் கார் பார்க்கிங், துப்புரவு, இறுதிச் சடங்கு மண்டபங்கள். இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அந்தப் புது முதலாளிகள் காலத்திலும் நல்ல படங்கள் வந்தன. இயக்குநர் குப்ரிக்கை அவர் போக்கில் விட்டார்கள், ஈஸ்ட்வுட்டை அவர் போக்கில் விட்டார்கள், 'தி எக்ஸார்சிஸ்ட்' வந்தது. அப்பா தியேட்டரில் பார்த்த ஒரே வார்னர் படம் 'எண்டர் தி டிராகன்'. 1973-இல் புரூஸ் லீ இறந்து ஒரு மாதத்தில் அமெரிக்காவில் வெளியான படம், நம் ஊருக்கு வர நாளாயிற்று. வந்த பிறகு கடைக்கு வெள்ளைக் கராத்தே உடுப்புத் தைக்கச் சொல்லி இளவட்டங்கள் வரிசை கட்டியதை அப்பா இன்னும் சொல்வார். எட்டரை லட்சம் டாலரில் எடுத்தார்களாம். பழைய வார்னர் கணக்கு.

அதற்குப் பிறகு சூப்பர்மேன், பேட்மேன், மேட்ரிக்ஸ், எட்டு ஹாரி பாட்டர். இவற்றில் சில எனக்கும் பிடிக்கும், சொல்ல மட்டும் அதிகம் இல்லை. பணம் வந்துவிட்டது, எல்லா மூலையிலும் வெளிச்சம் விழுகிறது, அந்தப் படங்களை வேறு எந்தக் கம்பெனியும் எடுத்திருக்கலாம்.

இப்போது வேறு மாதிரி சிக்கனம். 2022-இல் டிஸ்கவரியோடு இணைந்தார்கள். அந்த ஆகஸ்டில், ஷூட்டிங் முடிந்திருந்த 'பேட்கேர்ல்' படத்தை வெளியிடப்போவதில்லை என்றார்கள், வரிக் கணக்கில் நஷ்டமாகக் காட்டுவது லாபம் என்று. 2023-இல் 'கயோட்டி வெர்சஸ் ஆக்மி'க்கும் அதே கதி. பாலைவனத்தில் ரோட் ரன்னரைத் துரத்தும் அந்த ஓநாய், தனக்கு ஓட்டைப் பொருள் விற்ற ஆக்மி கம்பெனி மேல் வழக்குப் போடும் கதை, அதையே முடக்கி வைத்தார்கள். பலரும் கொதித்த பிறகு 2025-இல் வேறொரு சின்ன நிறுவனம் வாங்கிக்கொண்டது. துண்டுத் துணியைத் தூக்கிப் போடாத தையற்காரன் வேறு, தைத்து முடித்த சட்டையைக் கணக்குப் பார்த்துக் கொளுத்துகிறவன் வேறு. ஜாக் வார்னர் அற்பன்தான், ஆனால் எடுத்த படத்தைத் தியேட்டருக்கு அனுப்பாமல் இருக்க அவருக்கு மனசு வந்திருக்காது. அதே 2025-இல் 'சின்னர்ஸ்' வந்தது, 25 வருடத்தில் படத்தின் உரிமை இயக்குநர் ரயன் கூக்ளருக்கே திரும்பும் என்ற ஒப்பந்தத்தோடு. அதன் பிறகு வருடக் கடைசியில் கம்பெனியையே மறுபடி விலை பேசும் படலம். இத்தனை தடவை விற்கப்பட்ட பெயர் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், மிஷினை விட்டு இரண்டு வருடமாகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போனில் காசாபிளாங்காவின் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். விமானம் போலி, பக்கத்தில் நிற்பது குள்ளமான ஆட்கள், பனியே அதை மறைக்கத்தான் என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் விமானத்தைப் பார்க்கவே இல்லை.

"அது கெடக்கட்டும். நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ."

போனேன். போகார்ட் தொப்பியும் நீளக் கோட்டுமாக நின்றார். அப்பா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

"இது இவனுக்கு அளவெடுத்துத் தச்ச கோட்டு மாதிரி தெரியல. வேற யாருக்கோ தச்சத எடுத்து மாட்டி விட்டிருக்கான். பெல்ட்ட இறுக்கிக் கட்டுனதுல சரியாப் போச்சு."